சுகாதார வாரத்துத் தாய்

மண்டபத்து வாசலில் கட்டியிருந்த துணியில் இந்த வருடம் கொழுகொழுவென்ற குழந்தை இல்லை. அதற்குப் பதிலாகக் கால்சட்டை அணிந்த ஒருவனும் அவன் மனைவியும், இருவருக்கும் நடுவே ஒரே ஒரு பையனும் நின்றார்கள். மூவரும் சிரித்தார்கள். பாப்பம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, படம் தெரியும். லொறியிலிருந்து இறங்கியவள், தோளில் தூங்கிய, கொழுந்து பறிக்கும் சந்திரகாந்தாவின் மகனை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, அந்தப் படத்தைச் சற்று நேரம் பார்த்தாள். ஏதோ பிசகியிருக்கிறது என்று தோன்றியதே தவிர, என்னவென்று விளங்கவில்லை.

மாத்தளையில் ஆண்டுதோறும் சுகாதார வாரம் வரும். ஒரு வருடம் அதன் பொருள் நுளம்புக்கடி. ஒரு வருடம் மலசலகூடம். ஒரு வருடம் கொதித்தாறிய நீர். கலேவெலையிலிருந்தும் நாவுலையிலிருந்தும் அதிகாரிகள் வருவார்கள். கொழும்பிலிருந்து அவர்களுக்கு மேலானவர்கள் வருவார்கள். பேச்சுகள் மேடையில் நடக்கும், காரியங்கள் தேநீர் மேசையருகே நடக்கும். எந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கிணறு, எந்தக் கிராமத்துக்குத் தாதி என்பன வடையைக் கடித்தபடி தீர்மானமாவதைப் பாப்பம்மா பார்த்திருக்கிறாள். பொருள் எதுவானாலும் கடைசி நாளில், கொழுத்த குழந்தைக்குப் பரிசு தரும் குழந்தைக் காட்சி உண்டு. தோட்டத்தின் சார்பில் ஒரு குழந்தை போகும். பெற்றவள் போக முடியாது. கொழுந்து காத்திராது, அன்றைய பேரும் விழாது, கூலியும் கிடைக்காது. ஆகவே, தாய்மார் மலையில் நிற்கும்போது பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைமடுவத்து ஆயாவான பாப்பம்மா போவாள். முதல் முறை ஓர் அதிகாரி, "நீதானே தாய்?" என்று கேட்டார். ஒரு தாய்க்கு அரைநாள் விடுமுறை கொடுக்காத தோட்டம் என்று வெளியே தெரியக் கூடாதல்லவா? தோட்டத்து மருந்தகத்தை நடத்தும் மாணிக்கவாசகம் அவளுக்கு முந்திக்கொண்டு, "ஆமாம்" என்றார். அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒரு நாள் அவள் தாய்.

மற்ற நாள்களிலும் அவள் கையில் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. ஆனால் பிள்ளைமடுவத்தின் தொட்டில்கள் கொழுந்து நிறுத்து முடிந்ததும் ஒவ்வொன்றாக வெறுமையாகும். தாய்மார் வந்து, பாப்பம்மாவின் முகத்தைக்கூடப் பாராமல், தங்கள் பொருளைத் தாங்கள் எடுப்பவர்களாய்ப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போவார்கள். கடைசித் தொட்டிலின் ஆட்டம் நிற்கும்வரை அவள் உட்கார்ந்திருப்பாள். சுகாதார வாரத்தின் கடைசி நாளில் மட்டும் யாரும் வந்து பிள்ளையைக் கேட்பதில்லை. இடுப்பில் அவனை வைத்துக்கொண்டு கடைவீதியில் நடக்கலாம். வளையல் கடைக்காரர், "மகனுக்காம்மா?" என்று கேட்பார். அவள் ஒரு முறைகூட இல்லை என்று சொன்னதில்லை. இவனுக்காக இரண்டு மாதமாகக் குரக்கன் கஞ்சி காய்ச்சி, வடித்து, ஊட்டி வந்திருக்கிறாள். பிள்ளையின் மணிக்கட்டில் இரண்டு மடிப்பு விழுந்திருந்தது.

மண்டபத்தின் பின்வரிசையில் பலாபத்வலையைச் சேர்ந்த கைறுன்னிஸா தன் கடைக்குட்டியை மடியில் கிடத்தியிருந்தாள். மிளகு வியாபாரி ஒருவரின் மனைவி. எந்த வருடத்துக் காட்சியையும் விடாதவள்.

"வாங்க அக்கா. ஒங்கட புள்ளக்கி மட்டும் வருஷா வருஷம் வயசே ஏறுதில்லியே. என்ன மருந்து குடுக்கிறீங்க?"

"தோட்டத்துத் தண்ணிங்க" என்றாள் பாப்பம்மா.

"போன வருஷம் பொம்புளப் புள்ள, இந்த வருஷம் ஆம்புளப் புள்ள. நல்ல தண்ணிதான்." கைறுன்னிஸாவுக்கு எல்லாம் தெரியும், தெரியும் என்பதை அவள் ஒருநாளும் வெளிப்படையாகச் சொன்னதில்லை. "இந்த முற காட்சி இல்லியாம். சின்னக் குடும்பமாம் இந்த வருஷம். எனக்கு ஆறு புள்ள ஈக்கே, பொறத்தால போய் இருக்கச் சொல்லிட்டாங்க. முன்னுக்கு இருந்தா வாற பெரியவங்க பயந்துருவாங்களாம்."

பாப்பம்மா சிரிப்பதற்குள் மாணிக்கவாசகம் வியர்வையைத் துடைத்தபடி வந்துவிட்டார். அவர் டாக்டர் அல்லர். ஆயினும் தோட்டத்தில் எல்லோருக்கும் டாக்டரையா.

"பாப்பம்மா, கேட்டுக்க. ஒரே புள்ளயோட ஒரு தாய் மேடைக்கு வேணுமாம். மத்தத் தோட்டத்துல இருந்து வந்ததெல்லாம் நாலு அஞ்சு பெத்ததுக. நீ ஏறு. இன்னொண்ணு வேணுமான்னு கேப்பாங்க. போதுங்கன்னு சொல்லிட்டு எறங்கிரு."

"நானாங்க ஐயா?"

"வேற யாரு? வெளிநாட்டுத் தொர ஒருத்தர் வந்திருக்காரு. தோட்டத்துல பிரசவ அறை கட்டிக் குடுக்க எடம் தேடுறாரு. நம்ம தோட்டத்தச் சொல்லி வச்சிருக்கேன்."

பிரசவ அறை என்றபோது அவர் குரல் தணிந்தது. பல வருடங்களுக்கு முன், மாத்தளை ஆஸ்பத்திரியை நோக்கி வந்த லொறியில், தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே பாப்பம்மாவுக்கு ஒரு பெண் பிறந்தது. அது அழவில்லை. பிறகு அவளுக்கு எதுவும் பிறக்கவுமில்லை. அன்று மழை விழாமல் அவளுக்கு மேலே லொறியின் படங்குத் துணியை விரித்துப் பிடித்திருந்தவர் மாணிக்கவாசகம்தான்.

"ஒரு வார்த்தைதானே பாப்பம்மா" என்றார்.

மேடையில் அவளுக்கு நாற்காலி கொடுத்தார்கள், அவள் உட்காரவில்லை. வெளிநாட்டவர் எழுந்து வந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். மாணிக்கவாசகம் ஒலிவாங்கியை அவள் பக்கம் திருப்பினார்.

"தொர கேக்கிறாரு. இந்த ஒரு புள்ள போதுமா, இன்னொண்ணு வேணுமா?"

சொல் அவளிடம் ஆயத்தமாகவே இருந்தது. அதைச் சொன்னால் அறை வரும். இன்னொருத்தி லொறியில் கிடக்க வேண்டியிராது. அவள் அந்த அறையை விரும்பினாள். வேறு யாரையும்விட அதிகமாக விரும்பினாள். ஆனால் ஏன் பிள்ளை இல்லை என்று கேட்டவர்களைத்தான் அவளுக்குத் தெரியும்: மாமியார், லயத்து வரிசைவீடுகளின் பெண்கள், கோயில் பூசாரி. வேண்டுமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டவர் முன்பின் தெரியாத மனிதர். பதிலை உண்மையிலேயே அறிய விரும்புகிறவர்போல் தலையைச் சற்றுச் சாய்த்து நின்றார். குழந்தை விழித்துக்கொண்டு அவள் மூக்கைப் பிடித்தது.

"வேணுங்க" என்றாள் பாப்பம்மா. ஒலிவாங்கி அதை மண்டபமெங்கும் கொண்டுபோயிற்று. "எனக்கு ஒண்ணு வேணுங்க."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண், "ஆசையப் பாரு!" என்றாள். பின்வரிசையில் கைறுன்னிஸா மட்டும் தன் குழந்தையின் தலைமயிரைக் குனிந்து கோதிக்கொண்டிருந்தாள். மாணிக்கவாசகம் பாப்பம்மாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு வெளிநாட்டவரிடம் திரும்பி, அவள் சொன்னதைவிட நீளமாக ஆங்கிலத்தில் சொன்னார். கேட்டவரின் முகம் மலர்ந்தது. முன்வரிசை கைதட்டிற்று, அதைக் கண்டு சிரித்தவர்களும் தட்டினார்கள். தான் சொன்னதற்கு இத்தனை கைகள் தட்டமாட்டா என்பதை அறிய அவளுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

திரும்பும்போது அவளை லொறியின் முன்னிருக்கையில் ஏற்றினார்கள். லொறி பலாபத்வலையைத் தாண்டிற்று.

"அறை வந்துரும் போல இருக்கு" என்றார் மாணிக்கவாசகம், வெளியே பார்த்தபடி. "அடுத்த மாசம் எடம் பாக்க வர்றாராம்."

"வரட்டுங்க ஐயா."

"நான் அங்க சொன்னது..."

"நல்லதுக்குத்தான் சொன்னீங்க." அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். "நான் சொன்னதும் பொய் இல்லீங்க."

அவர் தலையசைத்தார். ஏற்றத்தில் லொறி முனகிற்று. பசியெடுத்த குழந்தை முகத்தை அவள் மார்பில் புதைத்து, ரவிக்கையோடு சேர்த்துச் சப்பத் தொடங்கிற்று. அவள் விலக்கவில்லை. ஒன்றும் கிடைக்காது என்று அதற்குத் தெரியவில்லை. தெரியும்வரை இருக்கட்டும் என்று அவள் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

தோட்டத்து வளைவில், முதுகில் கூடையோடு சந்திரகாந்தா நின்றாள்.

"குடுங்கக்கா, பால் கட்டி நெஞ்செல்லாம் வலிக்குது." பிள்ளையை வாங்கி, மண்மேட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை அவசரமாக விழுங்கும் சத்தம் கேட்டது. "பரிசு கெடைச்சிச்சா?"

"இந்த வருஷம் பரிசு இல்லையாம்."

"அப்ப எதுக்காம் கூப்பிட்டாங்க?"

பாப்பம்மா லயத்துப் பாதையில் இறங்கினாள். மலையிலிருந்து காற்று வந்தது. ரவிக்கையில் பிள்ளையின் வாய் நனைத்த இடம் மட்டும் சில்லென்றிருந்தது. சேலைத் தலைப்பை இழுத்து மூடினால் அது தெரியாது. அவள் மூடவில்லை. ஈரம் காய்ந்துவிடாமல், காற்றுக்கு முதுகைக் காட்டி, சரிவில் பக்கவாட்டாக அடி வைத்து மெல்ல நடந்தாள்.