கதைக்கு ஒரு படி

அந்தக் கலங்கரை விளக்கம் கட்டப்பட்டபோது நூற்றுப் பன்னிரண்டு படிகள். அந்தச் சிறுமி வந்த ஆறாவது வருடம் முந்நூற்று நாற்பது. அவள் ஒரு கதையைச் சொல்லி முடித்தால் ஒரு படி கூடும், கோபுரமும் அதற்கேற்ப உயரும். படகு கவிழ்ந்து பெற்றவர்களைப் பறிகொடுத்து, மூன்று வயதில் பலகையைப் பிடித்தபடி கரை ஒதுங்கியவளை, தனிக்கட்டையான விளக்குக்காரர் தூக்கி வந்து வளர்த்தார். மறுவாரமே கதை ஆரம்பித்துவிட்டது. அவருக்கோ முழங்கால் வலி. எண்ணெய் டின்னை மேலே ஏற்றும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளை போடுவார், அப்புறம் வெங்காயம் உரித்துக்கொண்டே, "சரி, அந்தத் திமிங்கலம் கல்யாணத்துக்குப் போச்சா இல்லையா?" என்று அவரே கேட்பார். மறுநாள் ஒரு படி அதிகமாக ஏறும்போது தன்னைத்தானே திட்டிக்கொள்வார். மீனவர்கள் மட்டும் சந்தோஷமாக இருந்தார்கள். வெளிச்சம் தூரம் போகப் போக அவர்களும் தூரம் போய் வலை போட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கலங்கரை விளக்கத் துறையிலிருந்து ஆய்வாளர் வந்தார். உச்சிவரை ஏறி, மூச்சு வாங்கி, விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கோபுரம் வளர்வதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. உறவல்லாத குழந்தை அங்கே தங்கக் கூடாது என்று இருந்தது. விடுதியில் சேர்க்க இப்போதே கூட்டிப்போகிறேன் என்றார். விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த விளக்குக்காரர் கையிலிருந்த துணியை முறுக்கினார்.

ஆய்வாளரின் கையைப் பிடித்து அவள் இறங்கினாள். அழுகையை அடக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். குட்டிக் குட்டிக் கதைகளாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். படிகள் முளைத்தபடி இருந்தன. மத்தியானம் ஆகியும் அவர்கள் பாதிகூட இறங்கவில்லை. குடைக்காரியைக் காதலித்த மழையின் கதை நடுவில் இருந்தபோது, பேசாமல் வா என்று ஆய்வாளர் அதட்டினார். அவள் பேசவில்லை. ஒன்பது படிகள் மளமளவென்று இறங்கியவர் பத்தாவதில் நின்றார்.

"அந்த மழை என்னதாம்மா பண்ணுச்சு?"

"விளக்குக்கார மாமாவும் கேக்கணும் சார். அவர் மேல இருக்காரு."

ஆய்வாளர் கீழே பார்த்தார், மேலே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். வியாழக்கிழமைதான் திரும்ப இறங்கினார், தனியாக. அதற்கு முன் படிவத்தை விரித்து விளக்குக்காரரிடம் கேட்டார்:

"இவ உங்களுக்கு என்ன உறவு?"

"மக."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"யாரும் கேக்கலையே சார்."

அந்த வருடம் முதல் துறை கோபுரத்துக்கான வெள்ளைப் பெயிண்டை ஒரு டின் கூடுதலாக அனுப்புகிறது. எதற்கென்று கோப்பில் யாரும் எழுதவில்லை.