மஞ்சள் விளக்கு மின்னினால்

சித்தப்பா எனக்கு விட்டுப்போனது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். எங்கள் வீட்டில் நாலு பேர்.

"மிச்ச ரெண்டு பேரை டிக்கியில போட்டுப் பூட்டிட்டுப் போறதா?" என்று என் கணவர் முதல் நாளே கேட்டார். டிக்கியில் ஒரு கைப்பைக்குத்தான் இடம் என்பதை நான் அப்போது சொல்லவில்லை.

சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் ஆசைப்பட்டு வாங்கி, கப்பலிலேயே ஏற்றி வரவழைத்த வண்டி. ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். அதன் கையேடும், ஸ்டியரிங்குக்கு முன்னால் திரையில் ஓடும் எழுத்தும் அந்த ஊர் மொழியில் இருந்தன. அவருக்குப் படிக்கத் தெரியும். எனக்கு அது எழுத்தா கிறுக்கலா என்றே தெரியாது. ஆனாலும் அந்த சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பும்போது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று மட்டும் கிடைத்த முதல் சந்தோஷம். பொய் சொல்வானேன்.

வீட்டில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. "ஒரு மாசம் வச்சுக்கோ. ஏதாவது தொந்தரவு குடுத்துச்சுன்னா, பல் டாக்டருக்குத் தள்ளிவிட்டுடுவோம்" என்றார் இவர். இவர் லிஃப்ட் மெக்கானிக். பல் டாக்டர் கட்டடத்து லிஃப்ட் இவர் பொறுப்பில். வண்டியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து டாக்டருக்கு வாயில் ஜொள்ளு.

தொந்தரவு மூன்றாம் வாரம் வந்தது. மழைநாளில் வேலைக்குப் போகும்போது, ஒரு வளைவில், மஞ்சளாக ஒரு விளக்கு படபடவென்று மின்னியது. ஒரு கார் படம், அதன் கீழே இரண்டு நெளிந்த கோடு. திரையில் ஒரு வரி எழுத்து வந்தது, போனது. அடுத்த வளைவிலும் அதேதான். நான் கண்ணாடிக் கடையில் ஊர்க்காரர் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிறவள். என் மூக்குக்கு நேரே மின்னுவது என்னவென்று எனக்கு விளங்கவில்லை.

வண்டி என்னைத் திட்டுகிறதோ என்றுதான் முதலில் தோன்றியது. உனக்கெல்லாம் எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று. போனில் படத்தைப் போட்டுத் தேடினேன். ஒருத்தர் சென்சார் என்றார், ஒருத்தர் பேட்டரி என்றார், ஒருத்தர் பிரேக் போகப்போகிறது, உடனே நிறுத்து என்றார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. வெயில் நாளில் விளக்கு வரவே இல்லை. அது இன்னும் குழப்பம்.

ஒளித்து வைத்துப் பயனில்லை என்று சனிக்கிழமை இவரிடம் சொல்லிவிட்டேன். இவர் முகத்தில் டாக்டர் ஒரு கணம் வந்து போனார். ஆனால் மனுஷர் நியாயஸ்தர். "என்னால சரி பண்ண முடிஞ்சா வண்டி உனக்கு. வா, ஓட்டிக் காட்டு" என்றார்.

ஊருக்கு வெளியே, கிடங்குகளுக்கு நடுவே போகும் அகலமான சாலை. தூறல். வளைவு வந்ததும் விளக்கு மின்னியது. இவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"நாலு தடவை. அப்ப நாலாம் நம்பர் ஃபால்ட்டு."

"அப்படின்னா?"

"எங்க லிஃப்ட் போர்டுல அப்படித்தான். விளக்கு நின்னு எரிஞ்சா எல்லாம் சுகம். மின்னுச்சுன்னா கோளாறு. எத்தனை தடவை மின்னுதோ அதான் கோளாறோட நம்பர்."

அடுத்த வளைவில் அது ஏழு தடவை மின்னியது. இவருக்கே கொஞ்சம் குழப்பம்தான், காட்டிக்கொள்ளவில்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, இருக்கிற பட்டன் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தார். சீட் சூடானது. ஜன்னல் இறங்கியது. கடைசியில் அதே நெளிகோட்டுப் படம் போட்ட ஒரு பட்டன் கிடைத்தது. விடாமல் அழுத்திப் பிடித்தார். திரையில் நீளமாக ஒரு வரி வந்தது. மஞ்சள் விளக்கு மின்னாமல் நின்று எரிந்தது.

"பார்த்தியா! செட்டாயிடுச்சு" என்றார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தால் வருமே, அந்தப் பெருமை.

எனக்கு இவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வண்டி என்னுடையது! கொஞ்சம் தெம்பாகவே அடுத்த வளைவில் மிதித்தேன்.

வண்டியின் பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. அப்படித்தான் சொல்ல முடிகிறது. கிடங்கு, சாலை, மறுபடி கிடங்கு. நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேனா, பிரேக்கை மிதித்தேனா, அலறினேனா, எதுவும் நினைவில்லை. நின்றபோது வந்த திசையைப் பார்த்தபடி புல்லில் இருந்தோம். நல்லவேளை, எதிரே ஒரு லாரிகூட இல்லை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

இவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "லைட்டு மின்னவே இல்லையே!"

சைக்கிள் வேகத்தில் உருட்டிக்கொண்டு பக்கத்திலிருந்த ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக் ஒரு கருவியைச் செருகி, எங்கோ நோண்டி, திரையின் மொழியை மாற்றினார். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் ஆஃப் என்று இருந்தது.

"இதை யாரு அணைச்சது?"

இவர் ஒர்க்‌ஷாப்பின் கூரையைப் பார்த்தார்.

"மேடம், அது மின்னுச்சுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம். வண்டி வழுக்கப் போகுது, நான் பிடிச்சிருக்கேன்னு சொல்லுது. நின்னு எரிஞ்சாத்தான் பயப்படணும். ஒண்ணு ரிப்பேரு, இல்ல யாரோ அணைச்சிருக்காங்க."

"அப்ப அத்தனை தடவை வழுக்கிச்சா? நான் ஓட்டினது தப்பா?"

அவர் குனிந்து பின் டயரை நகத்தால் அழுத்தினார். "இந்தத் தூறலுக்கு இவ்வளவு மின்னக் கூடாது. டயர் மேல இருக்கிற வெட்டு ஆழமா, புதுசு மாதிரி இருக்கு பாருங்க. ஆனா பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ஓடாமலே ரப்பர் காஞ்சு கட்டையாயிடுச்சு. டயரை மாத்தினாப் போதும்."

மின்னுவது நல்லது, நின்று எரிவது கெட்டது, புதுசாகத் தெரிவது பழசு. எனக்குத் தலை சுற்றியது. என்னைத் திட்டுகிறது என்று நினைத்தேனே, அது இத்தனை நாளாக என் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, அந்தக் கையைத்தான் நாங்கள் தட்டிவிட்டோம்.

அப்போது பார்த்து இவர் போன் அடித்தது. பல் டாக்டர். இவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். விற்றுவிடலாம் என்று இவர் சொல்லியிருந்தால், சத்தியமாக அந்த நிமிஷம் நான் தலையாட்டியிருப்பேன்.

இவர் போனை எடுத்து, "வண்டி அவங்களோடதுங்க, டாக்டர். அவங்ககிட்டயே கேளுங்க" என்று என்னிடம் நீட்டினார். எப்போதும் 'அந்த வண்டி' என்பவர், அவங்களோடது என்றார்.

"இத்தனை நாள் ஓட்டியிருக்கீங்களே, வண்டியில பிரச்சனை எதுவும் இல்லையே?" என்று கேட்டார் டாக்டர்.

"இருக்குங்க" என்றேன். "என்னன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அதனால விக்கல."