முகம் காட்டிய நாள்

கோயம்புத்தூரில் புதுக் கடை திறந்த அன்று யாரோ செல்போனில் எடுத்த வீடியோ அது. ஒரு நிமிஷம்கூட ஓடாது. பட்டு ஜெயச்சந்திரன் கையில் கத்தரிக்கோலோடு ரிப்பன் முன்னால் நிற்கிறார். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாதவர் போலப் பார்க்கிறார். மைக்கை நீட்டுகிறார்கள். வாய் திறக்கிறது, பேச்சு வரவில்லை. மகன் தமிழ்செல்வன் சிரித்தபடியே அவர் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போகிறான். வலது கால் தரையில் இழுபடுகிறது. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஆரணியில் அதைப் பார்க்காத ஆள் இல்லை.

அவர் மனைவி கன்னியம்மா மட்டும் பார்க்கவில்லை. அவளுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. இரண்டு வருஷமாக அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதும் சோற்றைப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுப்பதும் அவள்தான்.

சென்னை டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிற வியாதி. மருந்தால் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. சமீபத்தில் நடந்தது முதலில் மறந்துபோகும், சின்ன வயதில் மனதில் பதிந்தது கடைசிவரைக்கும் இருக்கும் என்றார். அந்தக் கடைசிப் பேச்சைக் கன்னியம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கடைகள் மறக்கட்டும், பேரப்பிள்ளைகள் பெயர்கூடப் போகட்டும். தான் பத்தொன்பது வயதில் அவருக்கு வாக்கப்பட்டு வந்தவள். தன்னை அவர் மறக்க வெகுகாலம் ஆகும் என்று நினைத்து ஆறுதல்பட்டாள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு அன்று காரில் திரும்பி வரும்போது, ஆற்காடு தாண்டியதும் அவர் அவள் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"கன்னிமா, எனுக்குப் பேச்சு தடுமாற ஆரம்பிச்சிட்டா, அன்னிலேர்ந்து என்ன எவனும் பாக்கக் கூடாது. புள்ளைக்கு வியாபாரம் முக்கியம், அவன் இஸ்துகினு போவான். நீ வுடாத."

அவள் சத்தியம் செய்தாள். தங்கை வீட்டு விசேஷத்துக்கு அவள் போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் தமிழ்செல்வன் அவரைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனான். வந்ததும் அவனோடு சண்டை போட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, நைனா வராவிட்டால் கடைத்திறப்புக்கே மதிப்பில்லை என்று எல்லாரும் சொன்னார்கள் என்றான். அது பொய்யில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஜெயச்சந்திரன் என்றால் பெரிய பணக்காரர் என்பதோடு முடிகிற விஷயமில்லை. போளூர் ரோட்டில் உள்ள ஒரு கிராமத்தின் காலனியில் பிறந்தவர். அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்தவர், சைக்கிள் கேரியரில் சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றவர். இன்றைக்கு அவர் கடை இல்லாத பெரிய ஊர் தமிழ்நாட்டில் இல்லை. தீபாவளி வந்தால் டிவியில் நடிகைகள் கட்டிக்கொண்டு ஆடுகிற சேலைகளுக்கு நடுவே அவரும் வெள்ளைச் சட்டையோடு வந்து ஜரிகையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிச் சிரிப்பார். சுற்றுவட்டாரத்துக் காலனிகளில் அவர் படம் மாட்டாத வீடு குறைவு. தாலுக்கா ஆபீசில் யாராவது மரியாதைக் குறைவாகப் பேசினால், "நாங்க ஜெயச்சந்திரன் ஊருங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவர்கள் இருந்தார்கள். எதிராளி கொஞ்சம் தணிவான். அந்த ஒரு பெயர் அத்தனை பேருக்கும் போர்த்திக்கொள்ளப் போதுமானதாக இருந்தது.

அதனால்தான் அந்த வீடியோ வந்ததும் ஊர் ஆடிப்போனது. கம்பெனியிலிருந்து, ஐயாவுக்கு வைரஸ் காய்ச்சல், ஓய்வில் இருக்கிறார் என்று அறிக்கை விட்டார்கள். ஒருவரும் நம்பவில்லை. பங்குச் சந்தையில் கம்பெனிப் பங்கு விழுந்துகொண்டே போனது. டாக்டர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் யூடியூபில் உட்கார்ந்து அவர் நடையை நிறுத்தி நிறுத்திக் காட்டி இன்ன வியாதி என்று விளக்கினார். இன்னொருவர், சொத்துக்காகத் தாயும் மகனும் சேர்ந்து அவரை அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றார். அம்மன் கோயிலில் பெண்கள் பால்குடம் எடுத்தார்கள். மசூதியிலும் சர்ச்சிலும் அவருக்காகத் தொழுகை, ஜெபம். தினமும் காலையில் ஆரணி வீட்டுக் கேட்டுக்கு வெளியே பத்துப் பேராவது நின்று மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். அவர்களைப் பார்க்கும்போது கன்னியம்மாவுக்குக் கோபம் வராது. உள்ளே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுதான் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை யாரோ அவர் படத்துக்கு மாலை போட்டு, ஆழ்ந்த இரங்கல் என்று எழுதிப் பரப்பிவிட்டார்கள். கடைத்தெருவில் ஷட்டர்களை இழுத்து மூட ஆரம்பித்தார்கள். ரோஜா மாலைகளோடு ஆட்டோக்களிலும் மினி லாரிகளிலும் ஜனம் வந்து இறங்கியது. ஒன்பது மணிக்கெல்லாம் தெரு நிறைந்து போலீஸ் வந்துவிட்டது. பாடியைக் காட்டு என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒருத்தியை மட்டும் காவலாளி உள்ளே விட்டான். சின்னபொண்ணு. காலனியில் ஜெயச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீடு, அவரைவிட இரண்டு மூன்று வயது இளையவள். ஐந்து மைல் தூரம் எப்படி வந்தாளோ, தலை கலைந்து, முந்தானை நனைந்து கிடந்தது. ஹாலில் கன்னியம்மாவைப் பார்த்ததும் காலில் விழப் போனாள். கன்னியம்மா பிடித்து நிறுத்தி, உயிரோடு இருக்கிறார், சற்று முன்புதான் இட்லி சாப்பிட்டார் என்றாள்.

"அண்ணி, நான் நம்புறேன். வெளிய இருக்கறதுங்க நம்பல. எங்க தெருவுல ஒரு வூட்ல அடுப்பு எரியல. புள்ளைங்க அழுதுகினு இருக்குதுங்க. ஒரு தபா மூஞ்சக் காட்டச் சொல்லு. தூரத்துலேர்ந்து பாத்துட்டுப் பூட்றோம்."

கன்னியம்மா மகனுக்குப் போன் செய்தாள். அவன் சென்னையிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தான். கதவைத் திறக்காதே, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றான். போனை வைத்தபிறகு அவள் கணவனின் அறைக்குப் போனாள். அன்று அவர் நன்றாக இருந்தார். நிஜமாகவே நன்றாக இருந்தார். ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவளைப் பார்த்துச் சிரித்து, "கன்னிமா, மழ வருமா?" என்று கேட்டார். அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அவள் மனது இளகிப்போனது. இந்த முகத்தைத்தானே கேட்கிறார்கள், இதைக் காட்டுவதில் என்ன கெட்டுவிடும்? பேச வேண்டாம். வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினால் போதும். ஆற்காடு ரோட்டில் செய்த சத்தியம் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. அதைத் தள்ளினாள்.

அவரைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் அருள்தாஸ் தயங்கினான். கூட்டம், சத்தம் எல்லாம் ஐயாவுக்கு ஆகாதும்மா, மாடியிலிருந்து காட்டினால் போதாதா என்றான். மாடியில் நின்றால் பொம்மை வைத்திருக்கிறார்கள் என்பார்கள் என்று அவள் சொன்னாள். வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, தோளில் துண்டு. தலையைச் சீவிவிட்டாள். கண்ணாடி முன்னால் நிறுத்தியபோது டிவியில் பார்த்த மனிதர் அப்படியே நின்றார்.

அவள் ஒரு பக்கமும் அருள்தாஸ் ஒரு பக்கமுமாக அவரை வெளியே அழைத்து வந்தார்கள். கேட்டைத் திறந்ததும் தெருவிலிருந்து எழுந்த சத்தத்தை எப்படிச் சொல்வது? அழுகையும் சிரிப்பும் கலந்த சத்தம். சிலர் கையிலிருந்த மாலைகளை மறைக்க இடம் தேடினார்கள். அவர் புரியாமல் பார்த்தாலும் முகத்தில் சிரிப்பு இருந்தது. கன்னியம்மாவுக்குக் கண் நிறைந்தது. நல்லவேளை கூட்டி வந்தேன் என்று நினைத்தாள்.

முன்னால் இருந்தவர்கள் நெருங்கினார்கள். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். எல்லாக் கைகளிலும் போன் உயர்ந்தது. அப்போது கேட்டருகே நின்ற போலீஸ்காரர் லத்தியைத் தரையில் அடித்து, "டேய், தெருவ வுட்டுத் தள்ளுங்கடா" என்று அதட்டினார். கூட்டத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஜெயச்சந்திரனின் உடம்பு ஒருமுறை உதறியது. கன்னியம்மாவின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டார். சட்டென்று குனிந்து கால் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை இழுத்து இடுப்பில் சுற்றினார். முதுகு வளைந்துவிட்டது. நேற்றுவரை ஒரு வார்த்தைக்குத் தவித்த வாயிலிருந்து பேச்சு தடையில்லாமல் வந்தது.

"தெரியாம வந்துட்டேன் ஆண்ட. இந்தத் தெருன்னு தெரியாது. சைக்கிள உருட்டிகினு பூட்றேன். அடிக்காதீங்க ஆண்ட. சேலைய மட்டும் எரிச்சிடாதீங்க, மொதலாளிக்குப் பதில் சொல்ல முடியாது."

கன்னியம்மாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. முப்பது ஊர், நாற்பது ஊர் சைக்கிளில் போனதைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எந்தெந்த ஊரில் மோர் கொடுத்தார்கள், எந்த ஊரில் நாய் துரத்தியது என்றெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். இதைச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முந்தி நடந்ததாக இருக்கும். ஐம்பது வருஷம் ஒரே பாயில் படுத்தும் அவளுக்குச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

கூட்டத்தில் வயதானவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இளைஞர்கள் சிலர் போனைத் தாழ்த்தினார்கள். சின்னபொண்ணு ஓடிவந்து அவர் எதிரே மண்டியிட்டு, "அண்ணே, நான் சின்னபொண்ணுண்ணே. நம்ம ஜனம்ணே இது, எல்லாம் நம்ம ஜனம்" என்றாள். அவர் அவளைக் கும்பிட்டார். ஓரடி பின்னால் நகர்ந்து, இன்னும் தாழக் குனிந்து கும்பிட்டார்.

அருள்தாஸ்தான் அவரை வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான்.

போனைத் தாழ்த்தாதவர்களும் இருந்தார்கள். மத்தியானத்துக்குள் எல்லாச் சேனலிலும் அது வந்துவிட்டது. அழுதவர்கள் நிறையப் பேர். ஆனால் தமிழ்செல்வன் வந்து சேர்ந்தபோது அவன் போனில் இருந்தவை வேறு. எத்தனை கோடி இருந்தாலும் ரத்தம் தன் இடத்தை மறக்காது பார் என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஆயிரக்கணக்கான சிரிப்புப் பொம்மைகள். அவன் அம்மாவைத் திட்டவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்து, "ஏம்மா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டான்.

மறுநாள் கேட்டுக்கு வெளியே ஒருவரும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பால்குடம் எடுத்தவர்கள், ஜெபம் செய்தவர்கள், மாடியை அண்ணாந்து பார்த்தபடி நின்றவர்கள் யாரும் வரவில்லை. அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. சின்னபொண்ணுவுக்குக் கன்னியம்மாவே போன் செய்தாள். சில வீடுகளில் படத்தை இறக்கிவிட்டார்கள் அண்ணி என்று சொன்னாள். கோபத்தில் இல்லையாம். அதைப் பார்த்தால் இனி அந்தக் கும்பிடுதான் கண்ணில் வருகிறதாம். அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் இருமினாள், பிறகு வைத்துவிட்டாள். மறுபடி அவள் பேசவில்லை.

தமிழ்செல்வன் கடை விளம்பரத்தில் வேறு முகத்தைப் போட்டான். பங்கு மெல்ல ஏறியது.

ஜெயச்சந்திரன் அந்தத் தெருவிலிருந்து திரும்பி வரவேயில்லை. முன்பெல்லாம் வந்து வந்து போகிற நினைவு, இப்போது அங்கேயே நின்றுவிட்டது. தான் கட்டிய வீட்டில் அறைக்கு அறை நிலைக்கு வெளியே நின்று, வரலாமா என்று கேட்டார். கட்டிலில் படுக்க மறுத்தார். சாப்பாட்டைக் கொல்லைக் கதவருகே தரையில் வைத்தால்தான் தொட்டார். டாக்டர் மாத்திரைகளை மாற்றிப் பார்த்தார். அருள்தாஸ் பழைய போட்டோக்களைக் காட்டிப் பார்த்தான். கன்னியம்மா தன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அவள் புடவையைப் பார்த்து, கழுத்து நகையைப் பார்த்து, பெரிய வீட்டு அம்மா என்று பயந்தார். நகையைக் கழற்றினாள், பழைய நூல்சேலையைக் கட்டினாள். அப்போதும் அவர் கண் அவள் முகத்துக்கு ஏறவில்லை. பாதத்தோடு நின்றது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், அருள்தாஸ் சாப்பிடப் போயிருந்த நேரம். கொல்லைப் பக்கம் அவர் இருமும் சத்தம் கேட்டு அவள் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோனாள். அவர் சுவரோரம் குந்தியிருந்தார். டம்ளரை நீட்டினாள். அவர் பதறி விலகினார்.

"வேணாம் ஆண்டம்மா. நான் தொட்டா உங்களுக்குப் புழங்க முடியாது."

"நான் கன்னிமாங்க. உங்க பொண்டாட்டி. இது நம்ம டம்ளருங்க."

அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். உதடு வெடித்திருந்தது. இருமல் மறுபடி வந்து உடம்பைக் குலுக்கியது. இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு, கண்ணைத் தரையில் போட்டபடி காத்திருந்தார். அவள் அவர் பக்கத்தில் உட்காரப் பார்த்தாள், அவர் நகர்ந்து நகர்ந்து போனார். வேறு வழி தெரியவில்லை. கன்னியம்மா எழுந்து நின்று, டம்ளரை உயரத் தூக்கி, அவர் கையில் படாமல் தண்ணீரை ஊற்றினாள். அவர் மடக் மடக்கென்று குடித்தார். தீர்ந்ததும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதுபோலக் கையை அப்படியே வைத்திருந்தார். அவள் உள்ளே போய் மொண்டு வந்து மறுபடி ஊற்றினாள்.