மாதம் இரண்டு மூட்டை மணல்

கம்பெனியில் எனக்குக் கத்திரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். இப்போது நேருக்கு நேராகவே அப்படிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டது. எந்தச் செலவுப் பட்டியலும் என் மேசைக்கு வந்தால் ஒரு வரியாவது அடிபடாமல் திரும்பாது. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி நாங்கள். எங்களைப் போல இன்னும் ஐம்பது பேர் செய்கிறார்கள். வெட்டாமல் வண்டி ஓடாது.

அந்த வருடம் எங்கள் முதலாளிக்குப் புதுக் கிறுக்கு ஒன்று பிடித்தது. விமானத்தில் வரும்போது ஏதோ ஒரு பத்திரிகையைப் புரட்டியிருக்கிறார். உலகத்துக் கம்பெனிகளில் யார் யார் ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று அதில் ஒரு பட்டியல். வந்து இறங்கியதும் இறங்காததுமாக என்னைக் கூப்பிட்டார்.

"இதுல நம்ம எங்க நிக்கறோம்னு எனக்குத் தெரியணும். துறைவாரியா போட்டுக் கொண்டு வாங்க. அப்படியே கீழ இருக்கிற நம்ம ஆராய்ச்சி ரூம் வேணுமா வேணாமான்னும் ஒரு முடிவு சொல்லுங்க. மூணு வருஷமா அங்க என்னதான் நடக்குது? ஒண்ணுமில்லன்னா குடோன் ஆக்கிடலாம்."

பட்டியல் போட உட்கார்ந்தேன். நூறுக்கு விற்றால் அதில் இருபதை ஆராய்ச்சியில் கொட்டுகிற மருந்துக் கம்பெனிகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் சிப்பு செய்கிறவர்களும் மென்பொருள்காரர்களும் கிட்டத்தட்ட அதே கை. கார் செய்கிறவர்கள் ஐந்து போடுகிறார்கள். இயந்திரக்காரர்களில் பெரிய ஆட்கள் மூன்று. சாப்பாட்டுச் சாமான் விற்கிறவர்கள்கூட ஒன்று போடுகிறார்கள். நாங்கள் அரையைத் தாண்டவில்லை. இத்தனை பணத்தை, பத்து வருடம் கழித்துப் பலன் வருமா வராதா என்று தெரியாத ஒன்றில் போட்டுவிட்டு இவர்களுக்கெல்லாம் எப்படித் தூக்கம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

முதலாளிக்கு ஆராய்ச்சி பிடித்துவிட்டது என்ற செய்தி கசிந்ததும் ஆளாளுக்கு என் அறைக்குப் படையெடுத்தார்கள். பெட்டிக்கு நீல நிறத்தை மாற்றிப் பச்சை அடித்தது ஆராய்ச்சி என்றார் விற்பனைத் தலைவர். லாரி போகிற பாதையை மாற்றியதும் ஆராய்ச்சியாம். அலுவலகத்துக்குப் புது நாற்காலி வாங்கியதைக்கூட ஒருவர் அதில் சேர்க்கச் சொன்னார். எல்லோரையும் விரட்டிவிட்டேன். இந்த உமியையெல்லாம் ஊதித் தள்ளிய பிறகு மிஞ்சியது கீழ்த்தளத்தில் ஓர் அறை, இரண்டு பேர், பன்னிரண்டு பம்பு.

முடிவு சொல்ல வேண்டுமே என்பதற்காகத்தான் கீழே போனேன். கதவைத் திறந்ததும் சத்தம் நெஞ்சில் மோதியது. பன்னிரண்டு பம்பும் இரண்டு வரிசையாக நின்று, நடுவில் இருந்த தொட்டியிலிருந்து மணல் கலந்த தண்ணீரை இழுத்து அதே தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தன. பதினாலு மாதமாக, ராத்திரி பகல், ஞாயிற்றுக்கிழமை எதுவும் பார்க்காமல். மோட்டாருக்குள் தண்ணீர் புகாமல் தடுப்பது சீல் என்கிற ஒரு சின்ன வளையம். மணல் தண்ணீர் பட்டுப் பட்டு அது தேயும். தேய்ந்தால் ஒழுகும், ஒழுகினால் மோட்டார் புகைந்துவிடும். உலகத்தில் பாதிப் பம்பு சாவது இந்த வளையத்தால்தானாம். எங்கள் பழைய வளையம் மணல் தண்ணீரில் ஐந்து மாதம் தாங்கும். இந்த அறையின் தலைவி செய்த புது வளையம் பதினாலு மாதமாக ஒரு சொட்டு விடவில்லை.

அவரை எல்லோரும் சீல் மேடம் என்பார்கள். ஐம்பது வயது இருக்கும். அந்தச் சத்தத்திலேயே வருடக்கணக்காக இருந்ததால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. லிப்டில்கூடக் கத்தித்தான் வணக்கம் சொல்வார். அவருக்கு உதவியாக இருந்தவர் மெக்கானிக் அண்ணன். என்னைவிட நாலு வயது பெரியவர், பேச்சே கிடையாது. மாதம் ஒருமுறை தொட்டியிலிருந்து மணலை அள்ளி, அலசி, தட்டில் காயவைத்து, சலித்து, கிராம் பிசகாமல் எடைபோட்டுத் திரும்பக் கொட்டுவார். கையுறை போட்ட கையால் அவர் மணலைத் தடவுகிற விதத்தைப் பார்த்தால் கல்யாணப் பட்டு என்று நினைக்கத் தோன்றும்.

"ஒரு நாளைக்கு நாலு தடவை ஒவ்வொண்ணையும் பாத்து எழுதுறோம். இதுவரைக்கும் ஒரே வார்த்தைதான் எழுதியிருக்கோம். ஒழுகலை, ஒழுகலை, ஒழுகலை," என்று சீல் மேடம் கத்தினார்.

நோட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக அதே வார்த்தை. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. பதினாலு மாதம் ஒன்றும் நடக்காததை நம்பிக்கையோடு எழுதி வைக்க ஒரு தனி நெஞ்சு வேண்டும். எனக்கு ஒரு மெயிலுக்குப் பத்து நிமிடம் பதில் வராவிட்டால் தலை வெடிக்கும். அன்று மாலையே அறை இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். புது வளையத்தின் கதையைக் கேட்டதும் முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வருகிற கூட்டத்திலேயே முடிவெடுத்துப் புது வளையத்தோடு பம்பைச் சந்தையில் இறக்கிவிடலாம், இரண்டு வருட உத்தரவாதம் என்று அறிவித்துவிடலாம் என்றார்.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது காலையில் சீல் மேடம் போன் செய்தார். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் கீழ வர முடியுமா?"

போனேன். மேசையில் இரண்டு வெள்ளைத் தாள், ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை மணல். மெக்கானிக் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கப்பல் கவிழ்ந்தவர் மாதிரி நின்றார்.

"நேத்து அண்ணன் கையுறை போடாம மணலை அள்ளியிருக்காரு. 'மேடம், இது குத்தவே மாட்டேங்குது'ன்னாரு. லென்ஸ் வச்சுப் பாத்தோம். நீங்களும் பாருங்க."

பார்த்தேன். புது மணல் உடைந்த கண்ணாடி மாதிரி முனை முனையாக இருந்தது. தொட்டி மணல் உருண்டை உருண்டையாக, கடுகு போல வழவழவென்று இருந்தது. பதினாலு மாதம் அதே மணல் அதே பம்புகளுக்குள் சுற்றிச் சுற்றி, வளையம் தேய்வதற்குப் பதில் மணல் தேய்ந்துபோயிருந்தது.

"அப்ப அந்த வளையம்?"

"நல்லதாவும் இருக்கலாம், சுமாராவும் இருக்கலாம். நமக்குத் தெரியாது. முதல் ரெண்டு மூணு மாசத்துக்கு அப்புறம் நம்ம எழுதினது எதையும் நம்ப முடியாது. திரும்ப முதல்லேர்ந்து ஓட்டணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அறை இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டவன் நான். "பதினாலு மாசமா பழைய மணலையேவா போடுவாங்க? புதுசு வாங்க வேண்டியதுதானே? இதுகூடவா தெரியாது?" என்று நானும் அவரைப் போலவே கத்தினேன்.

மெக்கானிக் அண்ணன் கூரையைப் பார்த்தார். சீல் மேடம் லென்ஸைத் துடைத்து உறையில் போட்டார். "வாங்கல. அவ்வளவுதான்," என்றார். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

மாடி ஏறும்போது அந்த 'வாங்கல' காதிலேயே நின்றது. பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். பதினைந்து மாதத்துக்கு முந்தைய செலவுப் பட்டியலில் அவர் எழுதியிருந்தார்: 'புது மணல், மாதம் இரண்டு மூட்டை.' அதன் மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி: 'மணல் என்ன சாப்பாடா, தீர்ந்துபோக?' எழுதியபோது நல்ல ஜோக் என்று நானே சிரித்திருப்பேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலுறையைக் கழற்றிக்கொண்டே முழுதும் கேட்டாள்.

"சொல்லிட்டா வேலை போயிடுமா?"

"வேலை போகாது. மூஞ்சி போயிடும்."

"சொல்லலன்னா?"

"அந்த ரூம் போயிடும். தப்பு அவங்க தலையில விழும். அந்தம்மா வாயத் திறக்காது."

"அப்பச் சாப்பிடுங்க, ஆறிடப் போகுது," என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருடத்தில் அவள் என்னை இவ்வளவு திட்டியதில்லை.

கூட்டத்தில் முதலாளி, விற்பனைத் தலைவர், இன்னும் நாலு பேர், நான். சீல் மேடம் அந்தச் சின்ன அறையிலும் தொண்டை கிழியச் சொல்லி முடித்தார். இரண்டு தாளும் லென்ஸும் கைமாறி வந்தன. யார் முகத்திலும் ஈயாடவில்லை.

விற்பனைத் தலைவர்தான் முதலில் தேறினார். "வாங்கறவங்க என்ன லென்ஸ் வச்சா பாக்கப் போறாங்க? பதினாலு மாசம் ஓடினது ஓடினதுதானே. அறிவிச்சிடலாம்."

"ஜெயிச்சது வளையம் இல்ல சார், மணல் தோத்துருக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் சீல் மேடம்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரைக் கும்பிடலாம் என்று தோன்றியது. சும்மா இருந்திருந்தால் போதும். அறை நிலைத்திருக்கும், சம்பளம் ஏறியிருக்கும், மாலைகூடப் போட்டிருப்பார்கள். மூன்று வருட உழைப்பைத் தன் கையாலேயே கொண்டுவந்து மேசையில் உடைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

முதலாளி லென்ஸைக் கீழே வைத்தார். "பழைய மணலை ஏன் போட்டீங்க?"

"நாங்க கவனிச்சிருக்கணும். தப்பு எங்களுது."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ரூம் வேணும்னு எழுதிக் கொடுத்தீங்க. இப்ப என்ன சொல்றீங்க? மூடிடலாமா?"

எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு யார் கேள்விக்கும் நான் எழுந்ததில்லை. "புது மணல் கேட்டிருந்தாங்க சார். மாசம் ரெண்டு மூட்டை. நான்தான் வெட்டினேன்," என்று கோப்பைத் திறந்து வைத்தேன். ஜோக்கையும் அவர் படித்தார்.

"வெட்டினதுல மிச்சம் என்ன?"

"இருபத்தெட்டு மூட்டை மணல்."

"போனது?"

"பதினாலு மாசம்."

பிறகு முதலாளி நான் போட்ட துறைவாரிப் பட்டியலை இழுத்து, எங்கள் கம்பெனிக்கு நேராக இருந்த அரையை அடித்து ஒன்று என்று எழுதினார். "முதல்லேர்ந்து ஓட்டுங்க," என்றார். விற்பனைத் தலைவர் முகத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லை. காது சூடேறி உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வராந்தாவில் சீல் மேடத்தைப் பிடித்தேன். "நான் வெட்டினதுன்னு உங்களுக்குத் தெரியுமே. ஏன் சொல்லல?"

"சொன்னா, வெட்டினப்ப நீ ஏன் சண்டை போடலன்னு கேப்பாங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட யாரு வந்து மல்லுக்கட்டுறதுன்னு, பழசையே அலசிப் போட்டுக்கலாம்னு விட்டுட்டேன். அதுல பெருமை வேற. பாருங்க எவ்வளவு சிக்கனம்னு," என்று வராந்தா முழுக்கக் கேட்கச் சொன்னார்.

மறுபடி பன்னிரண்டு புது வளையம், மாதா மாதம் புது மணல். ஏழாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது. "ஒண்ணு ஒழுகிடுச்சு, உடனே வாங்க," என்று ஏதோ பேரன் பிறந்த மாதிரிக் கூவினார். ஓடினேன். மூன்றாம் பம்பின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். மெக்கானிக் அண்ணன் முட்டி போட்டு அதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அறிவித்திருந்தால் இந்த நேரத்துக்கு அந்த வளையம் நாற்பதாயிரம் வீட்டுப் பம்புகளில் உட்கார்ந்திருக்கும். எனக்கு அந்தக் கணக்குத்தான் ஓடியது. அவர்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். ஒழுகினால்தானே எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க முடியும் என்கிறார்கள். பழையதைவிட இரண்டு மாதம் கூடத் தாங்கியிருக்கிறதாம். வளையத்தின் விளிம்பு தேய்ந்த இடம் தெரிந்துவிட்டதாம், மாற்றிச் செய்து பார்க்கலாமாம்.

"அதுக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்டேன்.

சீல் மேடம் கொஞ்சம் தயங்கி ஒரு தொகையைச் சொன்னார்.

"குறைச்சுக் கேக்கறீங்க. என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் எழுதி நாளைக்குக் கொண்டு வாங்க," என்றேன்.

அவர் நம்பாமல் மெக்கானிக் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.