சட்ட ஆலோசகரும் அவருடைய இரண்டு நாற்காலிகளும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அமைச்சரவைக் கட்டடத்து ஜன்னல் வழியாக. என் துணிக்கொடி அதற்கு நேர் எதிரே. ஈரத் துணியை எவ்வளவு நேரம் உதறுவது என்பது என் சொந்த விஷயம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘எங்கள் தீவு அரசின் தலைமைச் சட்ட ஆலோசகர் புவாகெனா, கடலைப் போல ஆழமான…’ வேண்டாம். கடலைப் பார்த்துச் சலித்தவர்கள் நாங்கள்.

2

பிரதமர் சுமேயோவின் பன்றிகள் ஓடுபாதையில் படுத்துக்கொண்டதால், வாரத்துக்கு ஒருமுறை வரும் விமானம் இறங்காமலே திரும்பிப் போனது. பன்றிகளை அடைக்கச் சொல்லி புவாகெனா எழுதிக் கொடுத்தார். பிரதமர் (புவாகெனாவுக்குத் தம்பி முறை) அவரையே பதவியிலிருந்து நீக்க முடிவெடுத்தார்.

எந்த ஆணையும் சட்ட ஆலோசகர் பார்த்த பிறகுதான் கையெழுத்தாகும். வேறு வக்கீலும் தீவில் கிடையாது. ஆகவே பதவிநீக்க ஆணையும் வழக்கப்படி அவர் மேசைக்கே போனது. கிழித்தெறிந்தார் என்று நான் எழுதி வைத்திருந்தேன். அவரோ, சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்காமல் நீக்கினால் செல்லாது என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பினார்.*

* இவ்வளவு நேர்மை ஒரு கதாபாத்திரத்துக்கு ஆகாது. எனக்கே நம்பிக்கையில்லை. நடந்துவிட்டதே, என்ன செய்ய?

3

விசாரணை நடந்தது. புவாகெனா சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து தன் தரப்பைச் சொன்னார். எழுந்து மேசையருகே தன் வழக்கமான நாற்காலிக்கு வந்து, தான் சொன்னதையே குறிப்பெடுத்தார். மறுபடி சுவரோரம்.

“அக்கா, பைலட்டு பயந்தா அதுக்குப் பன்னி என்ன பண்ணும்?” என்றார் பிரதமர்.

“உன் மோட்டார் சைக்கிள ஒரு தடவ அதுங்க மேல ஏத்திப் பாரு தம்பி. அப்புறம் பேசு.”

பிரதமர் மேசையருகே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். “ஆலோசகர் அவர்களே, இந்த விளக்கம் போதுமா?”

“கொஞ்சம் இரு, அவங்க வரட்டும்” என்று புவாகெனா எழுந்தார்.

4

முடிவு ஒன்று: போதும் என்கிறார். வேலை தங்கும். தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டாள் என்று ஊர் பேசும். (தொடங்கி வைப்பது நானாகத்தான் இருப்பேன்.)

முடிவு இரண்டு: போதாது என்கிறார். வேலை போகும். பன்றிகள் ஓடுபாதையிலேயே கிடக்கும். வேறு தீவில் வேலை தேடிப் போகலாமென்றால் விமானமும்…

மூன்றாவதை அடித்துவிட்டேன்.

புவாகெனா இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார். நாற்காலிக்கு நான்கடி தூரம். தீர்ப்பை நான் எழுத முடியாது. எங்கள் ஊரில் யாருமே எழுத முடியாது. அவருக்கும் பிரதமருக்கும் சொந்தமில்லாத ஆள் இங்கே நீங்கள் ஒருவர்தான். சொல்லுங்கள், போதுமா?