முகத்தில் மட்டும் வேண்டாம்

ஏகாம்பரத்தின் உடம்பில் பெயர் எழுத, வெளியே தெரிகிற இடத்தில் இனி முகம் மட்டும்தான் பாக்கி.

அந்த ஊரில் யாருக்கு உதவி செய்தாலும், செய்தவர் பெயரை உதவி பெற்றவர் மேலேயே எழுதிவிடுவார்கள். கோயில் டியூப் லைட்டில் உபயம் என்று எழுதுகிறார்களே, அதே சிவப்பு பெயின்ட்தான். அவன் முதுகு முழுக்க வெள்ள நிவாரண அரிசி. வயிற்றில் குடலிறக்க ஆபரேஷன். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் மணி சொன்னார். இடது காதில் அவர் பெயரும், அவர் அப்பா பெயரும், அவர் படித்த படிப்பும் ஏறின. எழுதாத உதவி அந்த ஊர்ப் பெரிய மனிதர்களுக்குச் செரிக்காது.

முகத்தை மட்டும் அவன் யாருக்கும் விடவில்லை. அம்மா இல்லாத மகள் தமயந்தி, ஒன்றாம் வகுப்பு, அந்த முகத்தை வைத்துத்தான் அவனை அப்பா என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

தமயந்திக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் அவள் கண் திறக்கவில்லை. மருந்து ஜவுளிக்கடை வரதப்பனிடம் மட்டும் இருந்தது. கஷ்டப்படுகிறவர்களுக்குத் தன் கையால் கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், ஊரிலிருந்த மருந்தையெல்லாம் அவர் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்.

கொடுக்கிறவருக்குப் போர்த்த வாங்கப்போகிறவன்தான் சால்வை கொண்டுபோக வேண்டும். ஏகாம்பரம் கொண்டுபோனான். அவன் நடக்க நடக்கக் கடை உள்ளே நீண்டது. வேட்டிப் பிரிவைத் தாண்டவே மத்தியானம் ஆகிவிட்டது. கோடியில் வரதப்பன் மருந்து பாட்டிலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெயின்டர் துரைக்கண்ணு பிரஷ்ஷோடு நின்றான்.

சால்வையைப் போர்த்திவிட்டு ஏகாம்பரம் கும்பிட்டான்.

"முகத்துல மட்டும் வேண்டாங்கய்யா. பாப்பா என்னைய அத வச்சுத்தான் அடையாளம் தெரிஞ்சுக்கிறா."

வேறு இடம் இருக்கிறதா என்று வரதப்பன் கேட்டார். துரைக்கண்ணு அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கால் இருக்கிறது என்றான். வரதப்பனின் முகம் வாடிவிட்டது.

"எனக்காகவா கேக்குறேன்? நாலு பேரு பாத்தாத்தானப்பா நாலு பேருக்குச் செய்யத் தோணும்."

ஏகாம்பரம் முகத்தை நீட்டினான்.

வரதப்பன் மீட்டர் கோலால் நெற்றியை அளந்தார். இரண்டு அங்குலம் குறைந்தது. அவர் முறைத்தார். நெற்றி இரண்டு அங்குலம் நீண்டுகொடுத்தது. இல்லாதவன் நெற்றிக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியும். எழுதி முடித்ததும் கடைப் பையன்கள் கைதட்டினார்கள். வரதப்பன் தன் பெருந்தன்மையை நினைத்துக் கண் கலங்கினார். அதற்கும் ஏகாம்பரம்தான் துண்டு எடுத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து மருந்தைப் புகட்டினான். சாயங்காலம் தமயந்தி கண் திறந்தாள். உடம்பு வேர்த்திருந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது. அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"வரதப்பன் அய்யா, எங்க அப்பா எங்க?"

"நாந்தாம்மா அப்பா."

அவள் மறுபடியும் ஒருமுறை படித்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வாசிப்பில் நல்ல மார்க்.

"மருந்துக்கு ரொம்ப நன்றிங்க அய்யா. அப்பா இல்லாதப்ப யாரையும் உள்ள விடக் கூடாது. நீங்க வெளிய இருங்க."

தான் சொல்லிக்கொடுத்த பாடம்தான். அவன் வெளியே வந்தான். அவள் எழுந்து கதவைத் தாழிட்டாள். எழுந்து நடக்கும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது. படியில் உட்கார்ந்து, ஏகாம்பரம் வருகிறானா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.