செத்த பல்லில் ஏது ரத்தம்

பல் டாக்டரைக் கட்டிக்கொண்ட பல் டாக்டருக்கு வேலையிலும் வாய், வீட்டிலும் வாய். குனிந்து குனிந்து என் கழுத்தெலும்பு தேய்ந்தே போய்விட்டது. அன்றைக்குக் காலையிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர். அப்பாடா என்று கையுறையைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போனேன். என் வீட்டுக்காரர் கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"டீச்சர் வந்திருக்கா. நீ கொஞ்சம் பாரேன்."

"நீங்கதானே பார்த்துட்டிருக்கீங்க? வழி கிடைச்சாச்சுன்னு நேத்து வீடு முழுக்கத் தண்டோரா போட்டீங்களே?"

"கிடைச்சுது. ஊசிதான் உள்ள இறங்க மாட்டேங்குது."

டப்பாவை மூடினேன். யாரைச் சொல்லி நோவது?

டீச்சர் என் நாத்தனார், இவருடைய தங்கை. காது கேளாத குழந்தைகளுக்குப் பேசச் சொல்லித்தருகிறாள். வீட்டிலும் அவளுக்கு அதுதான் பெயர். அவள் பையன் கைக்குழந்தையாக இருந்தபோது மடியில் துள்ளி, மண்டையால் அவள் முன்பல்லில் ஓங்கி இடித்துவிட்டான். பல் கொஞ்ச நாள் ஆடியது, பிறகு கெட்டிப்பட்டது, எல்லோரும் மறந்துவிட்டோம். பையனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது.

அடிபட்ட பல் சில சமயம் உள்ளே இருக்கிற குழாயைத் தானே சுண்ணாம்பு வைத்து அடைத்துக்கொள்ளும். வெளியே கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட பல்லில் பெரும்பாலும் நாங்கள் கை வைப்பதே இல்லை. டீச்சருக்கு நேரம் சரியில்லை. அடைபட்ட பல் உள்ளுக்குள் செத்து, வேர் நுனியில் சீழ் கட்டி, ஈறில் கொப்புளமே வந்துவிட்டது. சுத்தம் செய்தால்தான் பல் தங்கும். சுத்தம் செய்ய உள்ளே போக வேண்டும். போகிற வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது.

இது என்னுடைய வேலை. இவர் பல் பிடுங்குவதிலும் பல்செட்டு கட்டுவதிலும் மன்னன், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் காய்ச்சலில் படுத்திருந்த நேரம் பார்த்து, "என் தங்கச்சி பல்லை நான் பார்க்க மாட்டேனா?" என்று துளைக்க ஆரம்பித்துவிட்டார். ஆழம் தெரியாமல் காலை விடுவதில் இவருக்கு அப்படி ஓர் ஆசை.

"எப்படி இருக்கே டீச்சர்?"

"பல்லைத் தவிர எல்லாம் சௌக்கியம் அண்ணி." நாற்காலியில் சாய்ந்துகொண்டே சிரித்தாள். "புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கா. 'த' சொல்லிக்குடுக்கறேன். நாக்கு எங்க படுதுன்னு என் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கறா. இது போயிட்டா எதைக் காட்டறது?"

"செயற்கைப் பல் இருக்கே."

"எங்க ஸ்கூல்லயே ஒருத்தர் மாட்டிக்கிட்டாங்க. நாக்கு இடம் மாறிப்போச்சு, குழந்தைங்க தப்பாவே பிடிச்சுக்கிட்டாங்க. அவங்களை ஆபீஸ்ல உட்கார வெச்சுட்டாங்க. எனக்கு அந்த கதி வேணாம் அண்ணி."

சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தாள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, இவர் கண்டுபிடித்த வழியில் குழாய் துழாவும் மெல்லிய கம்பி ஊசி ஒன்றை நிறுத்தி எக்ஸ்ரே எடுத்தேன்.

எக்ஸ்ரே திரை, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்ன அறையில். இவரும் பின்னாலேயே வந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊசி வேருக்குள் போகவில்லை. பக்கவாட்டில் பல்லைப் பொத்துக்கொண்டு வெளியே போயிருந்தது. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினேன்.

"என்னங்க இது?"

"ரத்தம் எட்டிப் பார்த்துது. சரி, வழி கிடைச்சிடுச்சுன்னு..."

"செத்த பல்லில் ஏதுங்க ரத்தம்?"

அவரும் மாஸ்க்கை இறக்கினார். முகம் வெளிறியிருந்தது. உயிருள்ள பல்லில் சிவப்பைப் பார்த்தால் குழாயைத் தொட்டுவிட்டோம் என்று சந்தோஷப்படலாம். செத்த பல்லில் சிவப்பு வந்தால் சுவரை உடைத்துப் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டோம் என்று அர்த்தம். முதல் வருஷ மாணவனுக்கும் தெரியும். தேடித் தேடிக் கண் பூத்துப்போனவனுக்கு மட்டும் அந்தச் சிவப்பு வேறு மாதிரி தெரியும்.

"ஓட்டை போட்டுட்டேன், இல்ல?"

"ஆமா."

"அவகிட்ட சொல்லாதே. வேர்ல ஏற்கெனவே விரிசல் இருந்துதுன்னு சொல்லிடலாம். பிஞ்சுலேர்ந்து என்னை நம்பி வளர்ந்தவ."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. சண்டை போட்டிருக்க வேண்டும். கழுத்து விண்விண் என்று தெறித்தது, பசி வேறு, சண்டைக்குத் தெம்பில்லை.

"சரி," என்றேன்.

அவர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று அடுத்த அறை நோயாளியைப் பார்க்கப் போனார். நான் நாற்காலிக்குத் திரும்பினேன். டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அண்ணி சரின்னீங்க?"

கையிலிருந்த கண்ணாடி கீழே விழாதது என் பாக்கியம்.

"நாள் பூரா உதட்டைப் படிக்கிறதுதானே என் பொழைப்பு? கண்ணாடித் தடுப்பு வழியா, அண்ணன் வாய் 'ஓ'ன்னு குவிஞ்சப்பவே தெரிஞ்சுபோச்சு. 'ஓட்டை.' நடுவுல ஏதோ நழுவிடுச்சு. கடைசியில நீங்க சொன்ன 'சரி' மட்டும் பளிச்சுன்னு விழுந்துது."

எனக்கு வெட்கமாக இருந்தது. இவர் மேல் வந்த கோபத்தைவிட அந்த ஒரு சொல்லுக்காக என் மேல் வந்த கோபம் பெரிது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஓட்டையை அடைக்கலாம், அதற்கென்று மருந்துக் காரை இருக்கிறது. ஆனால் உண்மையான வழி கிடைத்தால்தான் பல் பிழைக்கும்.

அவள் நாற்காலியின் கையை விட்டாள்.

"நீங்க தேடுங்க. கிடைக்கலேன்னா கிடைக்கலேன்னு சொல்லுங்க. வேற எதுவும் எனக்கு வேணாம்."

மைக்ரோஸ்கோப்பை இழுத்து வைத்துக் குனிந்தேன். பல்லைச் சுற்றி ரப்பர் துணி, நடுவில் அந்த மஞ்சள் பல், அதற்குள் இவர் தோண்டிய குழி. குழி உதட்டுப் பக்கமாகச் சாய்ந்து போயிருந்தது. வழி இருந்தால் உள்பக்கம்தான் இருக்க வேண்டும். மயிரிழை மயிரிழையாகச் சுரண்டினேன், கழுவினேன், மறுபடி படம் எடுத்தேன். ஓரிடத்தில் நிறம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. ஊசி நுனியை வைத்தால் சிக்கிப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. வழுக்கியது.

இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று என் கை இழுத்தது. இந்தத் தொழிலில் பல்லைக் கெடுப்பது துளைக்கிற கருவி இல்லை, இந்த 'இன்னும் கொஞ்சம்'தான். இவரும் அப்படித்தான் போயிருப்பார், பாவம். மிச்சமிருக்கும் சுவர் தாளாகிவிட்டது. அதற்கு மேல் ஓர் இழை எடுத்தாலும் பல் என் கையோடு வந்துவிடும். கருவியைக் கீழே வைத்தேன். ஓட்டையை அடைத்து, மேலே தற்காலிகமாகப் பூசி, ரப்பர் துணியைக் கழற்றினேன்.

மாஸ்க்கை இறக்கிவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"கிடைக்கலை, டீச்சர்."

தலையை மட்டும் ஆட்டினாள்.

"வாசல் வழியா முடியலை. கொல்லைப்பக்கமா போகலாம். ஈறைத் திறந்து, வேர் நுனியை மேல இருந்து வெட்டிச் சுத்தம் பண்ணி அடைக்கணும். அடுத்த வாரம் வெச்சுக்கலாம்."

"பல் நிக்குமா?"

"நிக்கலாம், போகலாம். பாதிக்குப் பாதி. பொய் சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் இவர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். மாஸ்க் மூக்கு வரை ஏறியிருந்தது. "அது வந்து, வேர்லயே ஏற்கெனவே ஒரு விரிசல் இருந்துது போல, அதான்..." என்று ஆரம்பித்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மாஸ்க்கை இறக்கிட்டுச் சொல்லுண்ணா," என்றாள் டீச்சர். மரத்த உதட்டோடு சொன்னதால் சொற்கள் குழறி வந்தன.

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. மெதுவாக மாஸ்க்கை இறக்கினார். வாய் அசைந்தது, குரல் எழும்பவில்லை.

"சத்தம் வரலை. மறுபடி சொல்லு."

அதட்டலும் இல்லை, கோபமும் இல்லை. வகுப்பில் ஒரு குழந்தைக்காகக் காத்திருப்பதுபோல அவர் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நான்தான் ஓட்டை போட்டேன்," என்றார். "நான்தாம்மா. தெரியாம போட்டுட்டேன்."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அப்போதுதான் அழுதாள். உதட்டைப் பொத்திக்கொண்டு, வாய் விட்டு அழுதாள்.

"என் பல்லுண்ணா," என்றாள்.